மெல்லும் புகையிலையும் எலும்பாக்க உயிரணுக்களும்: ஆய்வு வரலாற்றில் ஒரு நோக்கு

வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தமிழர் வாழ்வில் தொன்மையானவை. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழி இந்தியாவை வந்தடைந்த பின்னரே அது தாம்பூலத்தில் இடம்பெற்றது. தோட்டத் தொழிலாளரோடு இக்கலவை மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. இதன் தீங்கு குறித்த மருத்துவ நோக்கு கன்னத்திலிருந்து எலும்புக்கும் விரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தொடக்க கால ஆய்வுகள் புற்றுநோயையே மையமாகக் கொண்டிருந்தன. திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடையே காணப்பட்ட வாய்ப்புற்றுநோய் பற்றி ஐ.எம். ஓர் 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1985இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை, புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் அவ்வகையிலேயே சேர்த்தது.

எலும்பு பற்றிய வினா வேறு திசையிலிருந்து எழுந்தது. புகையிலையை ஒரே இடத்தில் அடக்கி வைப்போருக்கு அவ்விடத்து ஈறு பல்லின் வேரை நோக்கி விலகுவதைப் பல் மருத்துவர்கள் கண்டனர். ஈற்றின் அடியில் பல்லைத் தாங்கி நிற்பது தாடை எலும்பாகும். எலும்பு ஓயாது தேய்ந்து புதுப்பிக்கப்படும் திசு. எலும்பாக்க உயிரணுக்கள் முதலில் கொலாஜன் என்னும் புரதத்தை உருவாக்குகின்றன. பின்னர் அதன்மீது கால்சிய, பாஸ்பேட் உப்புகள் படிகின்றன.

1988இல் கால்வின், ராம்ப், லென்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், புகையற்ற புகையிலையின் சாற்றில் நிக்கோட்டின் அல்லாத வேறொரு பொருளும் எலும்பின் வளர்சிதை மாற்றத்தைத் தடுக்கின்றது என்று நிறுவினர். 1991இல் அக்குழுவினரே நிக்கோட்டினைத் தனியே ஆராய்ந்தனர். எலும்பாக்க உயிரணுக்களை ஒத்த உயிரணுக்களில் அது கொலாஜன் உருவாக்கத்தைக் குறைத்தது. டிஎன்ஏ உருவாக்கத்தையோ தூண்டியது. அதாவது, உயிரணு பெருகுவதற்கான அறிகுறி மிகுந்தபோதும் அது ஆற்ற வேண்டிய பணி குன்றியது.

இவை ஆய்வுக்கூட முடிவுகள். மனித உடலில் உணவு, வயது, வாய்த் தூய்மை ஆகியனவும் எலும்பைப் பாதிக்கும். எனினும் இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்கும்போது, தீங்கை நிக்கோட்டின் ஒன்றின்மீது மட்டும் சுமத்த இயலாது என்பது தெளிவாகின்றது. புகை இல்லாமையால் தீங்கும் இல்லை என்னும் கருத்தும் வலுவிழக்கின்றது.

தாம்பூலத்தைப் பண்பாட்டுப் பாடமாகக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் இவ்வரலாற்றையும் உடன் எடுத்துரைத்தல் வேண்டும். புகையிலையை மரபு என்று காக்க வரலாறு இடந்தரவில்லை. அதனை நீக்கிய தாம்பூலத்தைத் தீங்கற்றது எனக் கொள்ள மருத்துவமும் இடந்தரவில்லை.