வாழைக்காய்க் கறை

அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிவிட்டு அப்படியே வைத்துவிட்டால் அம்மா திட்டுவார். கொஞ்ச நேரத்தில் இரும்பு அலகு மை பூசினதுபோல நீலக்கறுப்பாகிவிடும். துரு என்று நினைத்துத்தான் பல வருடம் தேய்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் முடித்து, மென்பொருள் வேலைக்கு வந்து, வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் அரிமானம் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அது துரு இல்லை. வாழைக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் சேர்மம். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சியவர்களுக்கும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இழுப்பவர்களுக்கும் பழக்கமான அதே கறுப்பு.

செடியிலிருந்து வரும் ஒரு பொருள் இரும்பைக் காக்குமா? இன்று இந்தக் கேள்விக்குப் ‘பசுமை வேதியியல்’ என்று புதுப் பெயர். கேள்வி என்னவோ பழசு.

சூடாக உருட்டி எடுத்த உருக்குத் தகட்டின்மேல் ஆக்சைடு செதில் படிந்திருக்கும். அதை நீக்காமல் தகரமோ துத்தநாகமோ பூச முடியாது. அதனால் தகட்டை அமிலத் தொட்டியில் முக்குவார்கள். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் பெயரே ‘பிக்ளிங்’, அதாவது ஊறுகாய் போடுவது. சிக்கல் என்னவென்றால், செதிலைத் தின்ற அமிலம் அதோடு நிற்காது. அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் தின்னும். ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். அதில் ஒரு பங்கு உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். குமிழிகள் உடையும்போது தெறிக்கும் அமிலத் தூவல் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மூச்சுக்குள் போகும்.

1872இல் மராங்கோனி, ஸ்டெஃபனெல்லி என்ற இருவர் அமிலத்தில் தவிடு, ஜெலட்டின் போன்றவற்றைச் சேர்த்தால் இரும்பு கரைவது குறைகிறது என்று காட்டினார்கள். 1895இல் பால்ட்வின் என்பவர் உருக்குத் தகடுகளை அமிலத்தில் முக்கும்போது கரும்புக் கழிவுப்பாகும் தாவர எண்ணெயும் சேர்க்கும் முறைக்கு பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். 1930இல் செலண்டைன் என்ற ஐரோப்பியச் செடியின் சாறு கந்தக அமிலத் தொட்டிக்குள் போனது. அரிமானத் தடுப்பியின் ஆரம்ப காலக் கதை பாதி சமையலறைக் கதைதான்.

ஏன் வேலை செய்தது? இந்தப் பொருட்களில் நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் கொண்ட பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை வெறும் உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்துக்கு வழிமறிக்கின்றன. செதில் கரைந்து போகும், இரும்பு பெருமளவு தப்பிக்கும்.

பிறகு செயற்கை வேதிப்பொருட்கள் வந்தன. குளிர்விக்கும் நீரில் துருவைத் தடுக்க குரோமேட் மாதிரி ஒன்று கிடையாது என்றானது. மலிவு, கொஞ்சம் போட்டாலே போதும். அதன் விலை வேறு இடத்தில் வசூலானது. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த ‘எரின் பிராக்கோவிச்’ படம் பார்த்திருப்பீர்கள். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில் 1952 முதல் 1966 வரை ஓர் எரிவாயு நிலையம் ஆறிணைதிறன் குரோமியம் கலந்த நீரை அடித்தளம் பூசாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கியது. 1996இல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. படத்தில் எல்லோருக்கும் குரோமியம் ஞாபகம் இருக்கிறது. அதை அங்கே எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது ஞாபகம் இருப்பதில்லை. குளிர்விப்புக் கோபுரம் துருப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கப்புறம் ஆய்வாளர்கள் மறுபடி செடியிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. நம் காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஒரு முக்கியத் துறையாகவே வைத்திருக்கிறது. உலகம் முழுக்க வேம்பு, மருதாணி, கீழாநெல்லி என்று கையில் கிடைத்த இலையையெல்லாம் சோதித்துக் கட்டுரைகள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் ஒரே முறைதான். எடை போட்ட உருக்குத் துண்டைச் சாறு கலந்த அமிலத்தில் சில மணி நேரம் வைப்பது, மறுபடி எடை பார்ப்பது. 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு என்று முடிவு வருவது சகஜம்.

அப்புறம் ஏன் கடையில் வேம்புச் சாறு அரிமானத் தடுப்பி அதிகம் கிடைப்பதில்லை? என் தொழிலில் இதற்கு ஒரு வாசகம் உண்டு: “என் மெஷின்ல ஓடுதே!” சாறு ஒற்றைப் பொருள் கிடையாது, நூறு பொருட்களின் கலவை. மண் மாறினால், மழை மாறினால், பறித்த மாதம் மாறினால் கலவையும் மாறும். வைத்திருந்தால் கெட்டுப்போகும். அமிலத் தொட்டியில் ஜெயித்தது கடல் உப்பில் தோற்கலாம். பல கட்டுரைகளில் எந்த மூலக்கூறு வேலை செய்தது என்பதே பிரித்தறியப்படுவதில்லை. ‘பசுமை’ என்ற சொல்லே போதும் என்று நாம் நிறுத்திக்கொண்டால், ஹிங்க்லியில் தேவைப்பட்ட மாற்று கைக்கு வராது.

வந்து சேர்ந்த ஒன்று டானின். மரப்பட்டைகளிலிருந்து எடுத்த டானினை நீராவிக் கொதிகலன் நீரில் கலந்தார்கள். இன்று வன்பொருள் கடைகளில் விற்கும் துரு மாற்றிப் பூச்சுகள் பலவற்றில் அது இருக்கிறது. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருட்களுக்கு டானிக் அமிலம் பூசுகிறார்கள். துருவோடு வினைபுரிந்து அதை நீலக்கறுப்புப் படலமாக மாற்றிவிடுகிறது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, மேலே மெழுகோ பெயிண்டோ வேண்டும். ஆனால் அதன் வேதியியல் தெரியும், வரம்பு தெரியும். அதனால்தான் பிழைத்தது.

போன முறை ஊருக்குப் போனபோது அரிவாள்மணையைப் பார்த்தேன். அலகின் அடிப்பக்கம், தேய்க்கக் கை எட்டாத இடம், இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. நான் தேய்க்கவில்லை. அம்மா திட்டினார்.