பூதங்கள்

தமிழ்ப் புராணங்களிலும் காப்பியங்களிலும் வரும் மாய இனத்தார். ஐரோப்பிய எல்ஃபுகளை ஷேக்ஸ்பியர் மிகச் சிற்றுருவினராகவும், டோல்கீன் 1954இல் நெடிய, சாவற்ற அழகர்களாகவும் காட்டியதுபோல, பூதங்களுக்கும் ஒரே முகம் கிடையாது. சிலப்பதிகாரத்தின் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரைப் பாசத்தால் கட்டி விழுங்கும். காஞ்சி கைலாசநாதர் கோயில் அடித்தளத்திலோ அவை தொந்தி பெருத்த குள்ளர்கள்.

இவற்றுள் மனித இயல்புக்கு மிக நெருங்கியவை, பென்னலூரை அடுத்த ஸ்ரீபெரும்புதூரின் தலபுராணத்தில் வரும் பூதகணங்களே. மிகுபுனைவு வாசகர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்காத கதை இது. ஆடிய சிவனைப் பார்த்துச் சிரித்துச் சாபம் பெற்ற கணங்கள், திருமாலை நோக்கித் தவமிருந்து, அனந்தசரஸ் குளத்தில் நீராடி மீண்டன. நன்றியாக ஆதிகேசவப் பெருமாளுக்குக் கோயிலும் எழுப்பின என்பது ஐதீகம். ஊரின் பழம்பெயர் பூதபுரி.