மேட்ரிக்ஸ்னாலே குழப்பமா? அணிகளும் அதன் வகைகளும்... டீக்கடை கணக்கில் ஒரு சிம்பிள் விளக்கம்!

தமிழ் வகுப்பில் ‘அணி’ என்றால் உவமை, உருவகம். கிரிக்கெட்டில் டீம். அதே சொல் கணக்குப் புத்தகத்தில் வந்தால் மேட்ரிக்ஸ். எண்களைச் செவ்வக வடிவில் அடுக்கி அடைப்புக்குறிக்குள் போட்டால், அதுதான் அணி.

1850-ல் மேட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். 1858-ல் அதைக் கூட்ட, பெருக்க விதிகளை முறைப்படி எழுதியவர் அவருடைய நண்பர் ஆர்தர் கெய்லி. ரெண்டு பேருமே சட்டம் படித்தவர்கள்!

படுக்கைவாட்டில் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். 2 நிரை, 3 நிரல் இருந்தால் அதன் வரிசை 2×3. எப்போதும் நிரைதான் முதலில். மாற்றி எழுதினால் அது வேறு அணி ஆகிவிடும்.

வகைகளை மனப்பாடம் பண்ண வேண்டாம், பார்த்தாலே தெரியும். ஒரே நிரை இருந்தால் நிரை அணி, ஒரே நிரல் இருந்தால் நிரல் அணி. எல்லாமே 0 என்றால் பூச்சிய அணி. நிரையும் நிரலும் சம எண்ணிக்கையில் இருந்தால் சதுர அணி.

சதுர அணியில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போவது முதன்மை மூலைவிட்டம். அதைத் தவிர மற்ற இடமெல்லாம் 0 என்றால் மூலைவிட்ட அணி. அந்த மூலைவிட்டத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் திசையிலி அணி. அந்த எண் 1 என்றால் அலகு அணி. அதாவது, அலகு அணி எல்லாமே திசையிலி அணிதான். ஆனா திசையிலி அணி எல்லாமே அலகு அணி கிடையாது. ஒரு மார்க் கேள்வியில் மாட்டிவிடும் இடம் இது.

உண்மையான சிக்கல் பெருக்கலில்தான். நேருக்கு நேர் பெருக்காமல், ஏன் நிரையை நிரலோடு பெருக்கணும்?

ஒருவருக்கு ரெண்டு டீக்கடை. முதல் கடையில் 40 டீ, 30 வடை விற்றது. அடுத்ததில் 50 டீ, 20 வடை. இது 2×2 அணி. டீ 12 ரூபாய், வடை 10 ரூபாய் என்ற விலையை மேலும் கீழுமாக எழுதினால் 2×1 அணி. முதல் கடை வசூல் என்ன? 40×12, கூட்டல் 30×10, மொத்தம் 780 ரூபாய். அடுத்த கடைக்கு 800 ரூபாய். அணிப் பெருக்கல் என்பது இந்தக் கல்லாக் கணக்குதான். விடை 2×1 அணியாக வருகிறது.

முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாவது அணியின் நிரை எண்ணிக்கையும் சமமாக இருந்தால் மட்டுமே பெருக்க முடியும். விலையை முன்னால் போட்டு விற்பனையைப் பின்னால் போட்டால் கணக்கே நிற்காது. ரெண்டும் சதுர அணியாகவே இருந்தாலும், இடம் மாற்றிப் பெருக்கினால் அதே விடை வரும் என்று நம்ப முடியாது. 5×7-ம் 7×5-ம் ஒன்று என்ற பழைய பழக்கம் இங்கே செல்லாது.