மருதானைக்கு முதலில் வந்தது பைப் தண்ணீர், கழிவுக் குழாய் பிறகுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

மாளிகாகந்த தண்ணீர்த் தாங்கி எங்கட ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாய் வழியாக அங்கே வரத் தொடங்கியது 1880களில். 1892இல் சாஹிரா ஆரம்பமானபோது கொழும்பில் பைப் தண்ணீர் ஓடியது. ஆனால் கழிவைக் கொண்டுபோக நிலத்துக்கடியில் குழாய் இல்லை. பாவித்த தண்ணீர் கானுக்குப் போனது, கானிலிருந்து பேரை வாவிக்கும் கால்வாய்களுக்கும் போனது.

மலம்? அது வாளிக் கக்கூஸ் காலம். மாநகர சபை தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து லைன் வீடுகளில் குடியேற்றிய தொழிலாளர்கள்தான் அந்த வாளிகளைச் சுமந்தார்கள். எங்கட ஊர் வரலாறு என்று பள்ளிவாசலையும் ரயில் நிலையத்தையும் பேசுகிறோம். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கொழும்பின் கழிவு வடிகால் பற்றி வெள்ளைக்கார அரசு ஆலோசனை கேட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மான்சர். மெல்போர்ன் நகரத்துக்கும் ஆலோசனை சொன்ன ஆங்கிலப் பொறியியலாளர். குழாய் பதிக்கும் வேலை பெரும்பாலும் 1906க்கும் 1916க்கும் இடையில் நடந்தது. தண்ணீர் வந்து இருபது வருடத்துக்குப் பிறகு!

ஏன் இவ்வளவு சிக்கல்? கண்டியில் என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும். கொழும்பு கடலோரத் தட்டை நிலம். குழாயைச் சரிவாகப் பதித்துக்கொண்டே போனால் சிறிது தூரத்தில் அது கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அதனால் பல இடங்களில் ஆழமான கிணறு கட்டி, அங்கே சேரும் கழிவைப் பம்பியால் மேலே தூக்கி அடுத்த குழாயில் விட வேண்டும். மீண்டும் சரிவு, மீண்டும் பம்பி. மாதம்பிட்டியவிலும் வெள்ளவத்தையிலும் இருப்பவை இப்படியான பெரிய பம்பி நிலையங்கள். பக்கத்தால் போகிறவர்களில் பலருக்கு அது என்ன கட்டிடம் என்றே தெரியாது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்பட்டோம். கரண்ட் இல்லாவிட்டால் இந்தப் பம்பிகளுக்கு ஜெனரேட்டர்தான் கதி. அதுவும் நின்றால் கழிவு திரும்பி வருவது பள்ளத்து வீடுகளுக்குத்தான்.

இத்தனை தூக்கித் தூக்கி எங்கே கொண்டுபோகிறோம்? கடலுக்கு. வடக்குப் பக்கக் கழிவு முகத்துவாரத்திலும், தெற்குப் பக்கக் கழிவு வெள்ளவத்தையிலும், கடலடியில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் குழாய்களால் வெளியேறுகிறது. நீண்ட காலமாகச் சுத்திகரிக்காமலேயே போனது. அந்தக் கரைகளில்தான் மீன்பிடிக் குடும்பங்களும் வாழ்கின்றன.

பழுதான பம்பி நிலையங்களையும் குழாய்களையும் திருத்த 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 100 மில்லியன் டொலர் கடன் ஒதுக்கியது. நூறு வருடத்துக்கு முன் மிகச் சிறிய சனத்தொகைக்காகப் பதித்த குழாய்களோடு இன்றைய மாடிவீட்டுக் கழிவையும் சேர்த்தால் வேறென்ன நடக்கும்?

இன்னொரு விசயம். கிணற்றுக்கு முன்னால் இரும்புக் கம்பிச் சல்லடை ஒன்று இருக்கும். பம்பர்ஸ், துணி, பொலித்தீன், சஹனில் மிஞ்சிய எண்ணெய்ச் சோறு என்று நாங்கள் மேன்ஹோலுக்குள் தள்ளுவது எல்லாம் அதில்தான் வந்து சிக்கும். வாளி போய்விட்டது. ஆனால் சல்லடை அடைத்தால் அதைச் சுரண்டி எடுப்பது இன்றைக்கும் ஒரு மனிதன்தான்.