குளிர் செய்த பாதி வேலை

சென்ற மார்கழியில் அவினாசிப் பக்கம் ஒரு சிநேகிதரின் தோட்டத்தில் தங்கியிருந்தேன். விடியற்காலையில் கிளுவை வேலியடியில் ஓர் ஓணான் விறைத்துக் கிடந்தது.

“பாவம், செத்துவிட்டது” என்றேன்.

மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். “சாகலீங்க. வெய்யில் ஏறட்டும், பாருங்க.”

வெயில் ஏறியபின் போய்ப் பார்த்தேன். ஓணானைக் காணோம்!

ஊர்வன தம் உடம்பில் தாமாகவே சூடு உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலில் காய்ந்துதான் சூடேற்றிக்கொள்கின்றன. நம் கொங்கு நாட்டுக் குளிர் அவற்றை மயங்க வைக்கிறது, அவ்வளவுதான். அதைவிடக் கடுமையான குளிர் வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாகாணத்தின் சரித்திரம் இதற்குப் பதில் சொல்கிறது.

வெப்பம் மிகுந்த அந்தப் பிரதேசத்தில் எவர்கிளேட்ஸ் என்று ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் சில தப்பியும், சில வளர்த்தவர்களாலேயே விடப்பட்டும் அங்கே சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அவை அங்கே குஞ்சு பொரித்துப் பெருகுவது உறுதியாயிற்று. நாளடைவில் முயல் முதலிய பிராணிகள் அருகிப் போயின.

2010 ஜனவரியில் கடுங்குளிர் தாக்கியது. ரேடியோக் கருவி பொருத்திக் கண்காணித்து வந்த 10 பாம்புகளில் 9 மடிந்தன. இயற்கையே வீட்டைப் பெருக்கிவிட்டது என்று தோன்றும், அல்லவா? ஆனால் பிழைத்தவை மறுபடியும் பெருகின. 2020 ஜனவரிக் குளிருக்குப் பின் மயாமியில் பல்லி இனங்களைச் சோதித்தபோது, வெப்ப நாடுகளிலிருந்து வந்தவைகூட முன்னைவிட அதிகக் குளிரைத் தாங்கின.

குளிர் முடிக்காத வேலைக்கு 2017இல் அவர்கள் அழைத்தது யாரை, தெரியுமா? நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும்! தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள்; அவற்றில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு.

ஒரு காலத்தில் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்த சமூகம் அது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு போயிற்று. 1978இல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கோவையை அடுத்த ஆனைகட்டியிலும் இருளர் வாழ்கிறார்கள். நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன். மலையைப் பார்த்தேன், மேகத்தைப் பார்த்தேன். அந்த மக்களிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விறைத்த ஓணானைச் செத்தது என்று நினைத்தவன்தானே நான்!