விலையும் பட்டியலும்: கொழும்புத் தமிழரின் இசைத்தட்டுச் செல்வம்

அரிய பொருளுக்கு அதன் அருமையே விலையாகின்றது என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். இசைத்தட்டுகளின் ஏலச் சந்தையைச் சிறிது ஊன்றி நோக்குவார்க்கு இவ்வெண்ணத்தின் குறைபாடு விரைவிற் புலனாகும். 2009ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஏழு அங்குல விட்டமுள்ள சிறு தட்டொன்று 25,742 பவுணுக்கு விலைபோயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசைமரபைச் சேர்ந்த பிராங் வில்சன் 1965இல் மோட்டவுன் நிறுவனத்துக்காகப் பாடிய பாடல் அதில் இருந்தது. முன்னோட்டமாக அச்சிட்ட படிகள் விற்பனைக்கு வருமுன்னரே அழிக்கப்பட்டன; எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2020இல் அப்பாடலின் மூலத்தட்டொன்று ஓர் இலட்சம் பவுண் அளவில் கைமாறியதாகச் செய்தி வெளிவந்தது. இத்தனைக்கும் அப்பாடல் கேட்டற்கரியதன்று. 1979இலேயே அது மறுபதிப்பாக வெளிவந்து மலிவு விலைக்கு விற்கப்பட்டது. எனவே, கொடுக்கப்பட்ட பெருந்தொகை பாட்டுக்குரிய விலையாகாது.

அவ்விலை எங்ஙனம் தோன்றியது? வட இங்கிலாந்தின் ஆலைநகர இளைஞர்கள், அமெரிக்காவில் விலைபோகாது தேங்கிய சோல் தட்டுகளைத் தேடி இரவு முழுவதும் ஆடினர். 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கசினோ என்னும் மண்டபம் இவ்வியக்கத்தின் புகழ்பெற்ற களமாகும். அங்குத் தட்டுகளை ஒலிக்கச் செய்தவர்கள் தம் போட்டியாளர் அறியாவண்ணம் தட்டின் நடுத்தாளை மறைத்து, பாடகருக்கு வேறொரு பெயரையும் சூட்டுவதுண்டு. வில்சனின் பாடலும் முதலில் இன்னொருவர் பெயரால் அங்கே வழங்கிற்று. மறைக்கப்பட்ட பெயரைக் கண்டறிவதே சேகரிப்பாளரின் வேட்கையாயிற்று. வணிகர்கள் தட்டின் இலக்கம், நிறுவனம், ஆண்டு, நிலைமை ஆகியவற்றைக் குறித்து அஞ்சல்வழிப் பட்டியல்களை அனுப்பினர். அவற்றை ஒப்புநோக்கிய சேகரிப்பாளர், எத்தட்டு எத்தனை எஞ்சியுள்ளது என்பதை ஓரளவு அறியலாயினர். அருமை விலையாக மாறியது இப்பட்டியல்களின் வழியாகவேயாகும். இன்னதொரு தட்டு இருந்தது என்றே அறியாத ஒருவன் அதற்கு ஏலம் கேட்பானா?

இந்நோக்குடன் கொழும்புத் தமிழர் மத்தியில் வழங்கிய இசைத்தட்டுகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, அருமை மிகுந்தும் விலையற்றுப் போன ஒரு செல்வத்தைக் காண்கின்றோம்.

தென்னாசியாவில் கிராமபோன் நிறுவனத்தின் முதல் ஒலிப்பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நிகழ்ந்தன. ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பேர்க் பதிந்த மெழுகுத் தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அச்சாயின. தம் மொழியை அறியாத தொழிலாளர் தட்டை இனங்காணும் பொருட்டு, பாடகியர் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினர். கௌஹர் ஜானின் தட்டுகளிற் கேட்கும் அறிமுகக் குரல் இத்தேவையின் விளைவேயாகும். 1908 அளவில் கல்கத்தாவிலேயே அச்சுத் தொழிற்சாலை அமைந்தபின் தட்டுகள் பெருகின. வங்கக் கடலைச் சூழ்ந்த துறைமுகங்களுக்கெல்லாம் பரவின. கொழும்பும் அவற்றுள் ஒன்று.

தமிழ் நாடக மேடையே இத்தட்டுகளுக்குப் பாட்டுகளை வழங்கிய முதல் ஊற்று. தென்னிந்தியக் குழுக்கள் இலங்கைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி நடித்தன. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு ஆகியவற்றை உள்ளடக்கிய வடகொழும்பு, துறைமுகத் தொழிலாளரும் வணிகரும் செறிந்து வாழ்ந்த பகுதியாதலின் இவர்களுக்கு ஏற்ற களமாயிற்று. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதற் சந்தித்தது 1926இல் கொழும்பிலேயே. பின்னர் மேடையில் இணைந்து பெரும்புகழ் ஈட்டிய இவ்விருவருள், கிட்டப்பா 1933 திசம்பரில் இருபத்தேழு வயதளவில் மறைந்தார். தமிழிற் பேசும்படம் தோன்றி இரண்டாண்டே ஆகியிருந்த காலம் அது. சுந்தராம்பாளைத் திரையிற் கண்டவர் பலர். கிட்டப்பாவோ திரையில் இல்லை. மூன்று நிமிடமளவே ஒலிக்கும் அரக்குத் தட்டுகளின் பக்கங்களில்தான் அவர் எஞ்சியுள்ளார். அத்தகைய தட்டொன்று உடையும்போது உடைவது பாட்டின் ஒரு படி மட்டுமா என்பது எண்ணற்பாலது.

கொட்டாஞ்சேனைக்கு இவ்வரலாற்றில் இன்னொரு தொடர்பும் உண்டு. சிங்களத் திரையுலகின் முதல் நாயகியாகப் போற்றப்படும் ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் 1923இல் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயருடன் றம்பொடையிற் பிறந்தவர். கொட்டாஞ்சேனை வாசல வீதியில் வளர்ந்தார். வெள்ளவத்தையிலுள்ள புனித கிளாரா கல்லூரியிலும் பயின்றார். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படத்தில் நடிப்பதற்கு முன்னரே, 1930களின் இறுதியில் அவர் குரல் இசைத்தட்டில் ஒலித்தது. சேலத்திற் பிறந்து கொழும்புக்கு வந்த மொகிதீன் பேக்கின் குரலும் அவ்வாறே சிங்கள இல்லங்களை அடைந்தது. மொழிவாரியாக இசைத்தட்டுகளை வகுத்து வைப்பவர்கள் இவ்விருவரையும் சிங்களப் பெட்டிக்குள் இட்டுவிட்டு அப்பாற் செல்கின்றனர். கொழும்பின் இசை அவ்வளவு எளிதிற் பிரிந்து நிற்பதன்று.

அக்காலத் தட்டுகள் இன்று அருகிப்போனமைக்கு அவற்றின் இயல்பும் ஒரு காரணமாகும். மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பை மாக்கல் தூளுடன் கலந்து அழுத்திச் செய்யப்பட்ட அவை, கைதவறி விழுந்தால் மட்கலம்போல் உடைவன. உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டும் என்பது விதி. சிக்கனமான இல்லங்களில் ஒரே ஊசி பலநாள் உழைத்தது; அதன் தேய்ந்த முனை தட்டின் வரிகளை உழுதது. ஆகவே, மிகவும் விரும்பப்பட்ட பாட்டே மிகவும் சிதைந்த நிலையிற் கிடைக்கின்றது. விருப்பமற்றுப் பெட்டியிற் கிடந்த தட்டு புதிதுபோல் விளங்குகின்றது! சேகரிப்பாளர் சந்தையில் நிலைமைக்கேற்ப விலை பன்மடங்கு வேறுபடுவதை நினைவிற் கொள்வோமாயின், இம்முரண்பாட்டின் விளைவு விளங்கும். வெள்ளவத்தையின் கடற்காற்றும் ஈரமும் பூஞ்சணத்தை வளர்த்தன. உலகப்போர்க் காலத்தில் அரக்கு அருகியபோது மேலைநாடுகளிற் பழைய தட்டுகள் பொடியாக்கப்பட்டுப் புதியவை வார்க்கப்பட்டன.

இந்தியாவில் அரக்குத் தட்டுகள் ஏனைய நாடுகளிலும் நெடிது வாழ்ந்தன. நெடுநேரத் தட்டு 1948இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், மின்சாரமில்லாத இல்லங்களின் சாவிகொடுக்கும் பெட்டிகளுக்காக அவை கல்கத்தாவில் அச்சாகிக்கொண்டிருந்தன. இதன் பயனாக, பீட்டில்ஸ் குழுவின் 1960களின் பாடல்கள் சில அவ்வடிவில் இந்தியாவில் வெளிவந்தன. மேனாட்டுச் சேகரிப்பாளர் இன்று அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அதே ஆலையில், அதே காலப்பகுதியில் அழுத்தப்பட்ட தமிழ்ப் பாடல் தட்டுகளைக் கேட்பார் சிலரே. அரக்கும் ஒன்று, எந்திரமும் ஒன்று. பீட்டில்ஸ் தட்டுகளுக்கு முழுமையான பட்டியல் உண்டு என்பதே வேறுபாடு.

தமிழ்த் தட்டுகளுக்கு அத்தகைய பட்டியலுக்கு ஈடாக நெடுங்காலம் நின்றது வானொலியே எனலாம். 1925 திசம்பரில் முறையாகத் தொடங்கிய கொழும்பு வானொலி, அதற்கு முந்திய பரிசோதனைக் காலத்தில் ஒலிபரப்பியதும் கிராமபோன் இசையே. 1950இல் அதன் வர்த்தக சேவை தோன்றியது. இரண்டாண்டுகளின் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தென்னிந்திய நேயர்கள் கொழும்பை நோக்கித் தம் பெட்டிகளைத் திருப்பினர். திரைப்படத்தார்க்கும் தம் பாட்டு கொழும்பிலிருந்து ஒலிப்பது பெரும் விளம்பரமாயிற்று. தட்டுகள் நிலையத்தின் நூலகத்திற் குவிந்தன. எஸ். பி. மயில்வாகனன் முதலாக ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை தொடர்ந்த அறிவிப்பாளர் மரபு, பாடலுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் ஆகியோரை அறிவிக்கும் வழக்கத்தைப் பேணியது. விகன் மண்டபத்தில் பெயரை மறைத்தது தட்டின் விலையை உயர்த்திற்று. கொழும்பிலோ பெயரைச் சொல்வது கடமையாயிருந்தது. வெள்ளவத்தை மாடிவீட்டிலும் கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையிலும் நின்று கேட்டவர்கள் இப்பெயர்களை மனனம் செய்தனர். ஆயின், செவிவழிப் பட்டியல் செவியோடு மறைவது. அது தாளுக்கு வரவில்லை.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது இந்தியச் சஞ்சிகைகள் முதலியன அருகின. உள்ளூர் ஆக்கங்களுக்கு இடமுண்டான அக்காலத்தில் ஈழத்துப் பொப்பிசை செழித்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் குரலிற் பரவிய 'சுராங்கனி' ஆகியவை இல்லந்தோறும் ஒலித்தன. 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் புகுந்தது. கற்றோர் சிலர் இப்பாடல்களை இழிவெனக் கருதி ஒதுக்கினர். அவ்வொதுக்கல், பல்கலைக்கழக நூலகங்களுக்குள் அத்தட்டுகள் நுழையாமைக்கு ஏதுவாயிற்றெனின் மிகையாகாது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தமிழகமெங்கும் அலைந்த உ. வே. சாமிநாதையரையும், ஏடுகள் அழிவதைக் கண்டு வருந்திய சி. வை. தாமோதரம்பிள்ளையையும் போற்றிய அதே கற்றோர், தம் வரவேற்பறையில் இருந்த தட்டையும் ஓர் ஏடாகக் காணவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்துடன் கசெற் நாடாவும் ஒலிப்பதிவுக் கருவிகளும் வந்து குவிந்தன. கசெற்றிற் பதிவுசெய்து கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு தோன்றின. பாட்டு பிழைத்தது, பாடியவர், இயற்றியவர் பெயர்களைத் தாங்கிய நடுத்தாள் விடைபெற்றது.

அதன்பின் நேர்ந்தது வேறுவகை அழிவு. 1983 யூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட வன்முறை மறுநாள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை எனப் பரவியது. தமிழர் வீடுகளும் கடைகளும் பொருள்களோடு எரிக்கப்பட்டன. உயிர்கள் மாய்ந்த வேளையில் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனும் தயக்கம் எழுதல் இயல்பே. எனினும் ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. ஈராண்டுகளுக்கு முன், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என இன்று நாம் எண்ணிக்கையுடன் கூறுகின்றோம். நூலகம் தன் நூல்களை எண்ணி வைத்திருந்தது. வெள்ளவத்தை வீடுகளின் வரவேற்பறைகளில் இருந்த தட்டுகளை எவரும் எண்ணியதில்லை. எனவே அங்கு உருகிய தட்டுகளுக்கு எண்ணிக்கையும் இல்லை. அந்நாள்களில் வன்முறையாளர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அது வாக்காளர் பட்டியல்.

எஞ்சியோர் பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். அரக்குத் தட்டு ஒவ்வொன்றும் கால் கிலோ அளவு கனப்பது; ஒரு பயணப்பெட்டியுடன் புறப்படுவோர் எதை எடுப்பர், எதை விடுப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய போத்தலும் பத்திரிகையும் நிறுத்து வாங்குவோரிடம் தட்டுகள் சென்றபோது, அவற்றின் விலை அவற்றின் எடையாக இருந்தது.

தமிழகத்தில் நிலைமை சற்று வேறு. வி. ஏ. கே. ரங்கா ராவ் போன்ற தனியார் பல பத்தாயிரம் அரக்குத் தட்டுகளைத் திரட்டி, அவற்றைக் குறித்து எழுதியும் வந்துள்ளனர். அவுஸ்திரேலியரான மைக்கல் கின்னியர், 1899 முதல் 1908 வரையிலான இந்திய ஒலிப்பதிவுகளைத் தொகுத்து 1994இல் நூலாக்கினார். நிறுவனங்களின் பழைய விலைப்பட்டியல்களையும் தட்டுகளையும் ஒப்புநோக்கிச் செய்யும் இத்தகைய பணி, கொழும்பில் வழங்கிய தமிழ்த் தட்டுகளுக்கும் இயலாததன்று. நடுத்தாள் கிழிந்தும் எழுத்து மங்கியும் போன தட்டிலுங்கூட, இசைவரிகள் முடிந்து நடுத்தாள் தொடங்கும் வெற்று வளையத்தில் பதிவிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டைச் சாளரத்தின் அருகே கொண்டுசென்று ஒளியிற் சாய்த்துப் பிடித்தால் அவ்வெண்ணை இன்றும் வாசிக்கலாம்.