ராமானுஜன் எழுதிய குமாஸ்தா வேலை விண்ணப்பம்

பி.காம் கடைசி வருஷம் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே கவலை. ரெஸ்யூமில் என்ன எழுதுவது? அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இரண்டு மடங்கு. நடுவில் ஓரிரு வருஷம் சும்மா இருந்தவர்களுக்கு மூன்று மடங்கு!

அவர்களுக்காகவே ஒரு பழைய விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு, அதன் தலைமைக் கணக்கருக்கு எழுதப்பட்டது. தேதி 1912 பிப்ரவரி 9. எழுதியவர் திருவல்லிக்கேணியில் குடியிருந்த 24 வயது இளைஞர். பெயர் சீனிவாச ராமானுஜன். ஆமாம், நம்ம கணித மேதை ராமானுஜன்தான்.

அன்றைக்கு அவர் நிலைமை என்ன? 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை. ஸ்காலர்ஷிப் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1907-ல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1909-ல் கல்யாணம் வேறு ஆகிவிட்டது. கையில் பட்டம் இல்லை, நிலையான வேலை இல்லை. இருந்ததெல்லாம் சூத்திரங்கள் நிறைந்த சில நோட்டுப் புத்தகங்கள்தான்.

அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு பலரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமசுவாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டைப் பார்த்த ஐயர், இவரை அந்த வேலையில் போட்டு வீணாக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணிதக்காரர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதாமாதம் பணம் கொடுத்து உதவினார். ஆனால் அடுத்தவர் பணத்தில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

கடிதம் மிகவும் சின்னது. ஐந்தாறு வாக்கியம்தான். அதில் இருந்தவை இவை:

1. எந்த வேலை? உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் காலி என்று அறிந்தேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

2. படிப்பு. மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை. அவ்வளவுதான். தோற்றதை விவரிக்கவில்லை. ஆனால் பாஸ் என்றும் பொய் சொல்லவில்லை. புலம்பலும் இல்லை.

3. இடைவெளியில் என்ன செய்தார்? முழு நேரத்தையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன் என்கிறார். ஐந்து வருஷ இடைவெளிக்கு ஒரே வாக்கியத்தில் பதில்!

4. இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற உறுதி.

கூடவே, பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்திருந்தார். 1912 மார்ச் 1-ல் வேலை கிடைத்தது. கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு குமாஸ்தா. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இந்தக் கடிதத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. சில வாரம் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை பார்த்திருந்தார். கணக்கு வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் அனுபவம் அது ஒன்றுதான். அதை எழுதவில்லை. 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கட்டுரை வெளியாகியிருந்தது. அதையும் எழுதவில்லை. நம்மில் பலரும் இதே தப்பைத்தான் செய்கிறோம். லீவில் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர் அடுக்கியது, மாமா கடைக்கு டேலியில் பில் போட்டது எல்லாம் "அது ஒரு வேலையா" என்று விட்டுவிடுகிறோம். அதுதான் முதலில் வர வேண்டியது.

அடுத்த கடிதம் இன்னும் சுவாரஸ்யம். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். அதில் தொடக்கமே, போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருஷம் 20 பவுண்டு சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குமாஸ்தா நான் என்பதுதான். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை இணைத்தது பரிந்துரைக் கடிதம் அல்ல, பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். போர்ட் டிரஸ்டுக்கு ஒரு வரியில் சொன்ன கணிதம், ஹார்டிக்குப் போன கடிதத்தில் பெரும்பகுதி இடத்தை எடுத்துக்கொண்டது. ஆள் ஒருவர்தான். படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து எதைப் பெரிதாகச் சொல்வது என்பது மாறியது.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். போர்ட் டிரஸ்ட் வேலை வெறும் கடிதத்தால் மட்டும் கிடைத்துவிடவில்லை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரே கணிதம் படித்தவர், கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். "அப்போ சிபாரிசுதானே?" என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் மிடில்மாஸ்டோ மற்றவர்களோ ராமானுஜனின் சொந்தக்காரர்கள் இல்லை. அவருடைய திறமையைத் தெரிந்துகொண்ட பிறகு பேசியவர்கள். செய்த வேலையைப் பார்த்துவிட்டு ஒருவர் நமக்காகப் பேசுவது வேறு, யாருடைய பையன் என்று பார்த்துப் பேசுவது வேறு.

நமக்கு ராமானுஜன் மூளை இல்லை, பரவாயில்லை. அந்தக் கடிதத்தில் இருந்ததைச் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை. எந்த வேலை என்று சொல்வது, படிப்பை உள்ளபடி எழுதுவது, இடைவெளியில் செய்ததைச் சொல்வது, நம் வேலையைப் பார்த்த ஒருவரின் வார்த்தையைச் சேர்ப்பது. மூன்று அரியர் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் ரெஸ்யூமே எழுதாமல் உட்கார்ந்திருக்கிறான். இதை அவனுக்காகத்தான் எழுதினேன். டேய், இன்றைக்கு ராத்திரியே எழுதிவிடு!